மூடாத குறி

நாற்பத்து மூன்றாம் பக்கத்தில்
மேற்கோள்குறி ஒன்றைத் திறந்திருக்கிறேன்.
மூடவில்லை.

கிருஷ்ணகிரி பழையபேட்டை, ஜெராக்ஸ் கடை மாடி.
நாளை மறுநாள் ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டும்.
நஸ்ரீன் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொல்கிறாள்:
"கணக்குப்படி பாத்தா அக்கா,
இதுக்கப்புறம் நூத்திப் பன்னெண்டு பக்கமும்
அந்தம்மா பேசினதுதான்."

சிரித்தேன்.
அவளும் சிரித்தாள்.
மின்விசிறி மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாக.

முதல் வரைவில் என் மேற்கோள்கள்
டவுன் பஸ் நடைவழியில்
யாரோ போட்டுவிட்டு இறங்கிய மூட்டைகள்.
வாக்கியங்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு
தாண்டித் தாண்டிப் போயின.
வெளியூர்ப் பேராசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்தி
மேடையில் உட்கார்த்தியிருந்தேன்.
ஒருவர் கூறுகிறார். இன்னொருவர் கூறுகிறார்.
மூன்றாமவர் மேலும் கூறுகிறார்.
எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று
அவர்களுக்கே தெரியாது.

ஓரத்தில் பென்சிலால் நெறியாளர் எழுதியது ஒரே சொல்:
'ஒட்டவில்லை.'

காவேரிப்பட்டணம் பேருந்தில், பின் சீட்டில்,
ஒரு குடும்பச் சண்டை திரும்ப நடந்துகொண்டிருந்தது.
வரமாட்டேன்னு சொன்னாளாம்,
வராட்டி போன்னு இவன் சொன்னானாம்,
போறேன்னு கிளம்பியே விட்டாளாம்.
மூன்று பேர் பேச்சு, ஒரே மூச்சு.
எங்கும் முட்டவில்லை.
தமிழில் 'ன்னு', தெலுங்கில் 'அனி', கன்னடத்தில் 'அந்த':
இந்த மாவட்டம் முழுக்க
அடுத்தவர் வாயைத் தன் வாயோடு கோத்துக்கொள்ள
ஆளுக்கொரு கொக்கி வைத்திருக்கிறது.
நான்தான் கொக்கியை விட்டுவிட்டு
மூட்டையை மட்டும் தூக்கி வந்திருக்கிறேன்.

திரும்ப எழுதினேன்.
மாங்கூழ் ஆலையில் தோல் சீவும் பெண்களின் கூலி பற்றி
என் வாக்கியம் பாதி தூரம் நடந்து
அவர்கள் வாக்கியத்தின் கையைப் பிடித்தது.
பால் பட்டு வெந்த கை.

தகவலாளி ஏழு சொன்னது தெலுங்கில்:
மூடு நெலலு பண்டு, தொம்மிதி நெலலு வாசன.
மூணு மாசம் பழம்,
ஒம்போது மாசம் வாசம்.
அடுத்து மூன்று புள்ளிகள்.
அடுத்து நான்.

"இந்தப் புள்ளி என்னக்கா?" என்கிறாள் நஸ்ரீன்.
"தேவையில்லாததை வெட்டினது."

என்ன வெட்டினேன் என்று
கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தேடினேன்.
இயந்திர இரைச்சல். யாரோ கூடையை இழுக்கிறார்கள்.
முனிரத்னம்மாவின் குரல்:
பண்டு, வாசன, அனி...
அந்த 'அனி'யை அன்று நான் கேட்கவே இல்லை.
அதற்குப் பின்னால் அவர் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார்:
'இது என் பேச்சில்லம்மா, கெம்பம்மா பேச்சு.
போன வருசம் வரைக்கும் எனக்கு எதிர்ல நின்னு சீவுனவ.
கன்னடத்துல சொல்லுவா.
எழுதுனா அவ பேரை எழுது.'

பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர்
மூலத்தைச் சொல்லியிருக்கிறார்,
மொழியைச் சொல்லியிருக்கிறார்,
நின்ற இடம், வருசம் எல்லாம்.
ஐந்து வருடம் உதவித்தொகை வாங்கியவள்
மூன்று புள்ளி வைத்து
வழித்துத் தள்ளியிருக்கிறேன்,
தோல் மாதிரி.

"புள்ளியை எடு" என்றேன்.
அவர் சொன்னதைச் சொன்னபடி ஒப்பித்தேன்.
நஸ்ரீன் தட்டச்சினாள்.
பேரை எழுதலாமா என்று விதிமுறைத் தாளில்
பார்க்க வேண்டும். பார்ப்பேன்.
இப்போதைக்கு எழுது.

குறிக்குள் குறி.
கெம்பம்மாவுக்கு ஒற்றை,
முனிரத்னம்மாவுக்கு இரட்டை.
"எதை முதல்ல மூட?"
"உள்ளே இருக்கிறவங்களை."

மூடினாள்.
பிறகு மற்றதை.

கீழே லாரி ஒன்று
ராயக்கோட்டை சாலைக்குத் திரும்பியது.
நூற்றுப் பன்னிரண்டு பக்கமும்
திரும்ப என் பேச்சாகி
என் தலையில் வந்து விழுந்தன.
ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தேன்,
இதை நானே சொல்வேனா என்று.